நேராகப் பார்த்த ஒரே படம்

என் கொழுந்தன் ஓரிடத்தில் உட்கார்ந்து வீட்டில் நான் பார்த்தது குறைவு. சாப்பிடும்போதுகூடத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடப்பார். "டேய், சோறு வயித்துக்கா, காலுக்கா?" என்று என் கணவர் கேட்பார். அதற்கும் நடந்துகொண்டேதான் சிரிப்பார்.

இப்படிப்பட்ட மனுஷர் போட்டோ ஸ்டுடியோவில் மட்டும் கல்லாக உட்கார்ந்திருப்பார். கடையின் பின்னறையில் சாய்வாக ஒரு சின்ன மேசை. அதன் நடுவில் சதுரமாக வெட்டி, மங்கலாகத் தேய்த்த கண்ணாடி பதித்திருக்கும். அடியில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். அந்த வெளிச்சத்தின் மேல் நெகட்டிவை வைத்து, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஊசி முனையாகச் சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுப்பார். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். முகத்தில் இருக்கிற கறுப்புப் புள்ளி அங்கே வெளிறித் தெரியும். அந்த வெளிறலைப் பென்சிலால் நிரப்பிவிட்டால், படத்தில் புள்ளி இருந்த இடமே தெரியாது. ஊரில் கல்யாண வயதில் இருந்த முகமெல்லாம் அந்த மேசைக்கு ஒருமுறை வந்து போனதுதான். அதனால் ஊர் அவருக்கு வைத்த பெயர் பென்சில். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

அவரும் என் கணவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இல்லை. என் மாமனார் முதல் மனைவி இறந்தபின் அவளுடைய தங்கையையே கட்டினார். மூத்தவளுக்கு என் கணவர், இளையவளுக்கு இவர். தம்பி என்றும் சொல்லலாம், சித்தி மகன் என்றும் சொல்லலாம். அந்த வித்தியாசத்தை அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. நான் மருமகளாக வந்தபோது இருந்தது அந்த இளைய மாமியார்தான். "என் பிள்ளை வாய்க்குப் பொய் தெரியாது, கைக்கு உண்மை தெரியாது" என்று மகனைப் பற்றி அடிக்கடி சொல்வாள். சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள்.

நான் இந்த வீட்டுக்கு வந்ததே அவர் பென்சில் வழியாகத்தான். சின்ன வயதில் அம்மை போட்டு என் நெற்றியிலும் மூக்கோரத்திலும் குழிகுழியாகத் தழும்பு. என் அப்பா என்னைக் கூட்டிப்போனது அந்த ஸ்டுடியோவுக்கு. படம் பளிங்கு மாதிரி வந்தது. அது கைமாறிக் கைமாறிக் கடைசியில் என் மாமனார் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வீடே பார்த்து "பொண்ணு லட்சணம்" என்று சொல்லிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்திருக்கிறார். பொறுக்க முடியாமல் என் கணவரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

"அண்ணே, அந்த நெத்தி நான் போட்ட நெத்தி. பொண்ணுக்கு அம்மைத் தழும்பு இருக்கு."

"நிறையவா?"

"ஒரு பென்சில் பாதியாச்சு."

"பாதிப் பென்சிலைத் தின்ன முகத்தை நேர்ல பாத்தே ஆகணும், வாடா" என்றாராம் என் கணவர். வந்தார், பார்த்தார், சரி என்றார்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். கடையில் தொட்ட முகத்தைப் பற்றிக் கடைக்கு வெளியே மூச்சுவிடக் கூடாது என்பது அவர் முதலாளி போட்டிருந்த சட்டம். அந்தச் சட்டத்தை என் விஷயத்தில் அவர் மீறினார், அதுவும் சொந்த வீட்டுக்குள். மற்றபடி யார் கேட்டாலும், "நான் பென்சில்தானே, எனக்கு வாய் ஏது?" என்று நழுவிவிடுவார். அந்த வாய்க்கு வந்த சோதனையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் தெருவுக்கு அடுத்த பெரிய தெருவில் மெத்தைக்கடைக்காரர் இருந்தார். ஊரில் பாதிப்பேர் அவர் தைத்த மெத்தையில்தான் தூங்கினார்கள். அவருக்கு ஓர் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவளுக்கு இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மச்சம், பிறவியிலேயே வந்தது. அதனால் கல்யாணம் ஆகவில்லை. தம்பி மகளையும் அவள்தான் வளர்த்தாள். அந்தப் பெண் வாயில் அம்மா என்பதைவிட அத்தை என்பதுதான் அதிகம் வரும். வயதாக ஆக அத்தைக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பால் வாங்கிவரக் கிளம்புவாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரு நல்ல இடத்தில் பேச்சு வந்தது. பெண் வீட்டார் எல்லோரும் சேர்ந்து எடுத்த ஒரு படம் வேண்டும் என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டாள். குடும்பமே ஸ்டுடியோவுக்குப் போனது. அத்தை வழக்கம்போல முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்தால் கேமராவுக்கு வலக் கன்னம்தான் தெரியும். அவள் வாழ்நாளில் எடுத்த எல்லாப் படத்திலும் அப்படித்தான். முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பெண் எழுந்துபோய் அத்தையின் தாடையைப் பிடித்து முன்பக்கம் திருப்பினாள்.

"அத்தை, ஒரே ஒரு தடவை நேரா பாருங்க. எனக்காக."

"வேணாம்டி, படம் கெட்டுப்போயிடும்."

"நீங்க திரும்பிக்கிட்டாத்தான் கெட்டுப்போகும். பாருங்க."

அவள் பார்த்தாள். பின்னறைக் கதவோரம் நின்று என் கொழுந்தனும் அதைப் பார்த்தார்.

சாயங்காலம் மெத்தைக்கடைக்காரர் மட்டும் திரும்பி வந்தார். பின்னறையில் எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா முகத்தைக் கொஞ்சம் கவனிச்சுக்கப்பா. அந்தப் பக்கத்து மனுஷங்க, பரம்பரைன்னு ஏதாவது நினைச்சுக்குவாங்க" என்றார். முதலாளி சரி என்றார். முதலாளி சரி என்றால் பென்சிலும் சரி என்றுதான் அர்த்தம். உள்ளங்கை அகலத்தை நிரப்புவது லேசான வேலை இல்லை. நாள் கணக்கில் உட்கார்ந்தார். அந்த நாட்களில் வீட்டில் அவர் நடை இன்னும் கூடிவிட்டது. "என்ன தம்பி, தரை தேஞ்சுடப் போகுது" என்றேன். "கை வலிக்குது அண்ணி" என்றார். கை வலித்தால் யாராவது நடப்பார்களா?

படம் போயிற்று, பிடித்துப்போயிற்று, பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள். படத்தில் சுத்தமான முகத்தோடு இருக்கிற அக்காவை வீட்டில் எப்படிக் காட்டுவது? ஒரு பொய்யைப் படத்தில் வைத்தாயிற்று, அதற்குக் காவலாக இன்னொன்று வேண்டியிருந்தது. உறவுக்காரர் ஒருவர் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று மெத்தைக்கடைக்காரர் அக்காவைப் பஸ் ஏற்றினார். கூட யாரும் போகவில்லை. கண்டக்டரிடம் சொல்லிவிட்டிருந்தாராம். வழியில் கண்டக்டர் மாறிவிட்டார். அக்கா போய்ச் சேரவில்லை.

காணாமல் போன சேதி எங்களுக்குச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது. நானும் கொழுந்தனும் ரொட்டி வாங்கப் போய்க்கொண்டிருந்தோம். எனக்கு முன்னால் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தவர் திடீரென்று நின்றார். அவர் நின்றதே அதிசயம் என்று நானும் நின்று பார்த்தேன். சுவரில் 'காணவில்லை' என்று போஸ்டர். அச்சில் ஓர் அம்மாள் முகம், பளிச்சென்று. அடியில் வயது, மாநிறம், ஒல்லி, நீலச் சேலை, ஞாபகமறதி உள்ளவர் என்று இருந்தது. அடையாளம் என்று அவ்வளவுதான்.

"யாரு தம்பி இது? எங்கேயோ பாத்த மாதிரியும் இருக்கு, பாக்காத மாதிரியும் இருக்கு."

அவர் போஸ்டரின் இடது கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். அச்சு மைதான் விரலில் வந்தது.

"மெத்தைக்கடை அக்கா" என்றார்.

"அந்தம்மாவா? அந்தம்மாவுக்குத்தான் முகத்துல..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். பிறகுதான் குடும்பத்தோடு எடுத்த படம், பென்சில், அதிலிருந்து வெட்டிப் போஸ்டரில் போட்ட முகம், எல்லாவற்றையும் அவர் சொன்னார். சொல்லும்போதே நடந்தார். நான் ரொட்டிக்கடையைத் தாண்டி அவர் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, அந்தம்மா எதிர்ல வந்து நின்னாலும் இந்தப் போஸ்டரைப் பாத்தவனுக்குத் தெரியாது. அது அவங்களே இல்ல. நான் வரைஞ்ச பொம்பளை."

நேரே மெத்தைக்கடைக்குத்தான் போனார். நானும் போனேன். வெறுங்கையோடு நிற்கக் கூடாதே என்று ஒரு தலையணையை எடுத்து அமுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெத்தைக்கடைக்காரர் ஷேவ் செய்யாமல், கண் சிவந்து உட்கார்ந்திருந்தார். அவர் அக்காவைத் தேடவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. பஸ் போன வழியெல்லாம் அந்தப் படத்தைக் காட்டி விசாரித்துவிட்டு வந்திருந்தார்.

"ஐயா, போஸ்டர்ல அந்த மச்சம் இல்லியே."

"தெரியும்ப்பா."

"அடையாளத்துலயாவது எழுதியிருக்கலாமே. அதைப் பாத்தா ஒருத்தருக்கும் மறக்காது."

மெத்தைக்கடைக்காரர் வாசல் பக்கம் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க, வெள்ளிக்கிழமை நிச்சயம் வச்சிருக்கு. அவங்க ஊர்லயும் இந்தப் போஸ்டர் ஒட்டியிருக்கு. இதுல மச்சம்னு எழுதினா, முன்ன குடுத்த படத்தையும் இதையும் சேத்துப் பாத்து என்ன நினைப்பாங்க? வெள்ளிக்கிழமை தாண்டட்டும். நானே வேற அடிக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அவங்க எங்க இருப்பாங்க?"

"என் அக்கா மேல உனக்கென்னப்பா என்னைவிட அக்கறை?" என்று சத்தம் போட்டார். போட்டவர் குரல் உடனே உடைந்துவிட்டது. "முன்னயும் ஒரு தடவை இப்படிப் போயிட்டு அதுவா வந்துச்சு. வந்துடும். நீ உன் வேலையைப் பாரு. வாயைத் தொறந்து என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுத்துடாதே."

பிறகு என்னைப் பார்த்து, "என்னம்மா, தலையணை வேணுமா?" என்றார். "பஞ்சு கொஞ்சம் இறுக்கமா இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வேறென்ன சொல்வது?

அடுத்து கொழுந்தன் தன் முதலாளியிடம் போய் நின்றிருக்கிறார். அந்த முதலாளி கெட்டவர் இல்லை. என் கல்யாணப் படத்தைக் காசு வாங்காமல் எடுத்துக் கொடுத்தவர். ஆனால் தொழில் என்று வந்தால் அவர் வேறு ஆள்.

"பென்சிலு, இந்த ஊர்ல எத்தனை வீட்டு மூக்கு, எத்தனை வீட்டுப் பல்லு நம்ம பொட்டியில கெடக்கு, யோசிச்சுப் பாரு. ஒண்ணு வெளிய போச்சுன்னா, மத்தவனெல்லாம் நம்மகிட்ட வருவானா?"

"ஒரு உசுரு முதலாளி."

"அது அவர் அக்கா. அவரே சும்மா இருக்கும்போது நமக்கென்ன?"

அன்றிலிருந்து வீட்டில் எங்களுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அவர் நடக்கிறதைப் பார்த்து என் கணவர் நடக்க ஆரம்பித்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தூறலுக்கும் கொழுந்தன் ஜன்னலுக்குப் போய்ப் பார்ப்பார். நான் அடுப்பில் எதை வைத்தாலும் அந்தம்மா எங்கே என்ன சாப்பிட்டாளோ என்று மனசு ஓடும். ஒருநாள் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"என் தழும்பை மட்டும் அப்ப எப்படிச் சொன்னீங்க?"

"அது நம்ம வீடு அண்ணி."

"இது யாரு வீடு?"

நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்று என் நெற்றியைப் பார்த்தார். எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அப்படி உற்றுப் பார்த்ததில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலை மெத்தைக்கடைக்காரர் மகளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மழையில் நனைந்திருந்தாள். செருப்பைக் கழற்றக்கூட நிற்கவில்லை. அவள் கையில் ஒரு பை நிறையப் படங்கள். மேசையில் கொட்டினாள்.

"அண்ணே, பாருங்க. அத்தை படம் எல்லாமே ஒரு பக்கம் திரும்பினதுதான். நான் குழந்தையா இருந்தப்ப எடுத்தது, அப்பா கல்யாணத்துல எடுத்தது, எதுலயும் முகம் முழுசா இல்ல. ஒண்ணே ஒண்ணுதான் நேரா பாத்தாங்க. அது உங்க கடையில எடுத்தது. அதுல இருந்த முகம் எங்க?"

என் கொழுந்தனால் அவளைப் பார்க்க முடியவில்லை. "கீழதான் இருக்கும்மா. பென்சிலுக்குக் கீழ."

"எடுக்க முடியுமா?"

"முடியும். துடைச்சா வந்துடும்."

"அப்ப ஏன் இன்னும் துடைக்கல?"

நான்தான் குறுக்கே புகுந்தேன். "பாப்பா, வெள்ளிக்கிழமை உனக்கு..."

"தெரியும்க்கா." மூக்கை உறிஞ்சினாள். "அவங்க நல்லவங்கதான். அவரையும் எனக்குப் பிடிச்சுதான் இருக்கு. அதனாலதான் நானும் இத்தனை நாள் வாயைத் தொறக்கல. நேத்து ராத்திரி மழை பெஞ்சுச்சே, அப்புறம் முடியல." படங்களை அள்ளிப் பையில் போட்டாள். ஒன்று மேசைக்கடியில் விழுந்துவிட்டது. அதை எடுக்கக் குனிந்தவள் எழுந்திருக்க வெகுநேரமாயிற்று. அழுகிறாள் என்று தெரிந்து நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

மதியம் ஸ்டுடியோவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. அன்றைக்குப் போனபோது பின்னறைக் கதவு விரியத் திறந்திருந்தது. அந்தக் கதவை அவர் என்றைக்கும் சாத்தித்தான் வைத்திருப்பார். மேசை மேல் அந்தப் பெரிய நெகட்டிவ். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் பென்சிலைக் கரைத்தெடுக்கிற டர்பன்டைன், பஞ்சு. முதலாளி முன்பக்கம் ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கப் பொம்மையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தட்டுமா தம்பி?" என்று மெல்லக் கேட்டேன்.

"வேணாம் அண்ணி. இது ஒளிச்சுப் பண்ற வேலை இல்ல."

பஞ்சை நனைத்துப் பிழிந்து, நெகட்டிவின் ஒரு மூலையில் இருந்த சின்ன முகத்தில் வைத்தார். பென்சில் போடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறவர், துடைக்கும்போது வாய்விட்டு மூச்சு வாங்கினார். பஞ்சு சாம்பல் நிறமாயிற்று. வேறு பஞ்சு எடுத்தார். நாள் கணக்கில் போட்ட வேலை, நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து மூடுவதற்குள் போய்விட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டினார். தலைகீழ் உலகம் எனக்குப் புரியாது. ஆனாலும் கண்ணுக்குக் கீழே கை வைத்த மாதிரி ஒரு வெளிறல் தெரிந்தது.

டர்பன்டைன் வாசனை முன்னால் போய்விட்டது. முதலாளி பொம்மையோடு ஓடி வந்தார்.

"டேய், என்ன பண்ணிட்ட?"

"துடைச்சுட்டேன் முதலாளி."

"யாரு நெகட்டிவ் அது?"

"கடையோடதுதான். முகம் அந்தம்மாவோடது." சொல்லிவிட்டு இருட்டறைக்குள் போனார். "பேப்பர் ஒரு டப்பா எடுக்கிறேன். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

முதலாளி பொம்மையை ஆட்டிக்கொண்டே என்னைத் திட்டினார். "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் பைத்தியமாம்மா?" முன்பக்கத்துக் குழந்தை அதைக் கேட்டுக் கலகலவென்று சிரித்தது. படம் எடுக்கத்தான் ஆளில்லை.

அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கி எடுத்த படங்கள் காய்ந்ததும் அவர் ஒவ்வொன்றின் அடியிலும் கையாலேயே எழுதினார். காணவில்லை. இடது கன்னம் முழுதும் கறுப்பு மச்சம். அவ்வளவுதான். பசைச் சட்டியை நான் தூக்கிக்கொண்டேன். எங்கெல்லாம் பழைய போஸ்டர் இருந்ததோ, அதன் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போனோம். மெத்தைக்கடை எதிரிலும் ஒட்டினார். மெத்தைக்கடைக்காரர் வாசலுக்கு வந்தார். எங்கள் மேல் பாயப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தெருவைக் கடந்து வந்து, படத்துக்கு முன்னால் நின்று, கையை ஓங்கினார். கிழிக்கத்தான் ஓங்கினார். ஓங்கின கை அப்படியே கீழே வந்துவிட்டது. அக்கா அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பிக் கடைக்குள் போய், அன்றைக்குக் கதவை இழுத்து மூடிவிட்டார்.

கண்டக்டர் மாறுகிற ஊரின் பஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. தூறல் நிற்கவில்லை. பெண்கள் தங்கும் அறைக்கு வெளியே, தூணில், பழைய போஸ்டர் நனைந்து ஓரம் சுருண்டிருந்தது. அதன் பக்கத்தில் இவர் புதுப்படத்தை வைத்து அழுத்திக்கொண்டிருக்கும்போதே, அறையைக் கூட்டுகிற பெண் துடைப்பத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"அட, இது நம்ம மச்சக்காரம்மா! இதையா தேடுறீங்க?"

இவர் கையிலிருந்த படம் நழுவிப் பசையில் விழுந்தது. "எங்கம்மா இருக்காங்க?"

"உள்ளதான் கெடக்கு, எத்தனையோ நாளா. எந்த பஸ்ஸுன்னு கேட்டாச் சொல்லத் தெரியல. டீ வாங்கிக் குடுப்பேன், குடிக்கும். போலீஸ்காரர்கூட ரெண்டு தடவை அந்தப் போஸ்டரைக் கையில வச்சுக்கிட்டு உள்ள வந்து பாத்துட்டுப் போனாரு. இது அதில்லன்னு போயிட்டாரு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "வேடிக்கை கேளுங்க. அந்தம்மா தெனமும் காலையில வந்து இந்தத் தூணுகிட்ட நிக்கும். அந்தப் போஸ்டரைப் பாத்துட்டு எங்கிட்ட கேக்கும், 'இந்தப் பொம்பளை கெடைச்சுட்டாளா? பாவம், யாரு பெத்ததோ, வீட்ல தேடுவாங்களே'ன்னு."

உள்ளே மூலையில், பெஞ்சில், சேலைத் தலைப்பால் கன்னத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். கை நெருப்பாகச் சுட்டது. "வீட்டுக்குப் போலாமா அம்மா? உங்க தம்பி மகள் காத்துக்கிட்டிருக்கா" என்றேன். தம்பி மகள் என்றதும் முகம் மலர்ந்தது. "அவ பள்ளிக்கூடத்துல இருந்து வந்துட்டாளா?" என்றாள்.

வெளியே கூட்டிவந்தபோது தூணருகே கால் நின்றுவிட்டது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு முகம். மச்சம் உள்ள படத்தைப் பார்த்துத் தலைப்பை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு மற்றதைக் காட்டி, என் கொழுந்தனிடம் கேட்டாள்.

"தம்பி, இவ கெடைச்சுட்டாளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்தம்மாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் வாய் திறந்து திறந்து மூடியது.

"இல்லம்மா" என்றார். "இவங்க இல்லவே இல்ல."

"அடப்பாவமே" என்றாள் அந்தம்மா. "விட்டுடாதீங்க. தேடுங்க."

காய்ச்சல் இறங்கக் கொஞ்ச நாளாயிற்று. பிழைத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு மழை தாண்டியிருந்தால் தாங்கியிருக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை நிச்சயம் நடக்கவில்லை. தள்ளிவைப்போம் என்றார்கள், பிறகு பேச்சே இல்லை. மச்சத்துக்காகவா, மறைத்ததற்காகவா, அவர்கள் கடைசிவரை சொல்லவில்லை. அந்தப் பெண் அழுதாள். அத்தைக்குத் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போவாள். அப்போதெல்லாம் என் கொழுந்தன் வீட்டுக்குள் வரமாட்டார், தெருவிலேயே நடந்துகொண்டிருப்பார். மெத்தைக்கடைக்காரர் அவரோடு அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் வீட்டில் மெத்தை கிழிந்தபோது அடுத்த ஊருக்குத்தான் போக வேண்டியிருந்தது.

முதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பவில்லை, மேசையைத்தான் பிடுங்கிக்கொண்டார். ஊரில் பேச்சுப் பரவி, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பெண்களெல்லாம் கடைக்கு வந்து, "என் நெகட்டிவ் பத்திரமா இருக்குல்ல? யாரும் துடைச்சுடலியே?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதனால் அவரைப் பாஸ்போர்ட் படம் எடுக்கும் பக்கம் போட்டார். அந்தப் படத்தில் பென்சில் வைக்கக் கூடாது என்பது அரசாங்கச் சட்டம். "உனக்கு ஏத்த இடம்டா" என்றார் என் கணவர்.

அதற்கும் அவர் சிரித்தார், நடந்துகொண்டே. ஆனால் பொழுது விடிந்ததும் வீட்டில் இருக்கமாட்டார். எங்கே போகிறார் என்று ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பென்சில் சீவுகிற பிளேடால் சுவர் சுவராகச் சுரண்டிக்கொண்டிருந்தார். மச்சம் உள்ள படங்களை அந்தப் பெண் முன்பே பக்குவமாக எடுத்துக்கொண்டு போயிருந்தாள். இவர் சுரண்டியது மற்றதை. நல்ல பசை, லேசில் வரவில்லை. கன்னம் வந்தால் கண் ஒட்டிக்கொண்டு நின்றது. அதையும் சுரண்டினார்.

"போதும் தம்பி, மழையில தானா போயிடும்" என்றேன்.

"அந்தம்மா இந்தப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டாங்க அண்ணி" என்றார் திரும்பாமலேயே. "பாத்தா மறுபடி கேப்பாங்க."